சொகோத்ரா யாருடைய மண்

உப்பளத்தில் வேலை முடிந்து கரையேறியதும் நாங்கள் எல்லோரும் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கால் கழுவுவோம். உப்புத் தண்ணீர் காலில் காய்ந்தால் தோல் வெடித்து எரியும். வினோதினி மட்டும் முதலில் வரப்பில் உட்காருவாள். ஒரு குச்சியை எடுத்து உள்ளங்காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, விரலில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். பிறகுதான் கழுவப் போவாள். நான் அவள் வீட்டுக்கு மருமகளாக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் வாரத்திலேயே இதைக் கவனித்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் ஏன் என்று கேட்டேன்.

"எந்தப் பாத்தி மண்ணுன்னு பாக்கறேன் அண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

அவள் என் கணவர் வேல்முருகனின் தங்கை. எனக்கு நாத்தனார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவள் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவள். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு இருவரும் ஒரே பாதையில்தான் நடந்து போவோம். மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் குவித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெள்ளைத் தரையைப் பார்க்கவே முடியாது. கண்ணில் நீர் கொட்டும்.

அவள் மண்ணைப் பார்ப்பது வெறும் விளையாட்டு இல்லை என்று 'தானே' புயல் அடித்த வருடம் தெரிந்துகொண்டேன். அப்போது என் மாமனார் மண்ணாங்கட்டி உயிரோடு இருந்தார். குத்தகைக்கு எடுத்த பாத்திகள் கொஞ்சம் எங்களிடம் இருந்தன. எங்களுக்கு அடுத்த பாத்திகள் மோகன் என்பவருடையவை. புயல் தண்ணீர் வந்து நடு வரப்பை உடைத்தது. வரப்பு மண் முழுக்கச் சரிந்து மோகன் பாத்தியின் நடுவில் ஒரு திட்டாகப் போய்ப் படிந்துவிட்டது. புயலுக்குப் பிறகு எங்கும் மணல் மூடிக் கிடந்ததால், வரப்பு போட நல்ல களிமண் கிடைக்காமல் ஆளாளுக்கு அலைந்த நேரம் அது. அந்தத் திட்டு அவருடையது என்று மோகன் சொல்லிவிட்டார். அவர் தரையில் கிடப்பது அவருடையதுதானே என்று எனக்கும் தோன்றியது.

உப்பளத்துக்காரர்களின் வழக்கம் வேறு. வரப்பு எந்தப் பாத்தியில் வெட்டிய மண்ணால் போட்டதோ, அந்தப் பாத்திக்காரருக்குத்தான் சொந்தம். தண்ணீர் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சரி. மோகனுக்கும் இது தெரியும். அதனால் அவர், "வரப்பே என் பக்கத்து மண்ணுதான், எங்க அப்பா வெட்டிப் போட்டது" என்றார்.

எல்லோரும் கூடி நின்றோம். வினோதினிக்கு அப்போது இருபத்தைந்து வயது. கூட்டத்தில் பேசாத பெண். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். திட்டின் நடுவில், மேலிருந்து அடி வரைக்கும் வெட்டினாள்.

"ஏம்மா, மண்ணுக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று மோகன் சிரித்தார்.

அவள் ஒரு கட்டியை எடுத்து உடைத்தாள். உள்ளே பொடிப்பொடியாகக் கிளிஞ்சல் இருந்தது. எங்கள் பாத்தி கழிமுகத்தை ஒட்டியது. அந்த மண்ணில்தான் கிளிஞ்சல் இருக்கும். மோகனின் மண் கறுத்து வழவழவென்று இருக்கும். அதையும் ஒரு பிடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மோகன் இரண்டையும் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டார். நாங்கள் நாலு நாள் கூடையில் சுமந்து அந்த மண்ணைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

மாமனார் போன பிறகு குத்தகை கைவிட்டுப் போனது. நாங்கள் அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு வாருகிறோம். வினோதினி அரசாங்கக் கிளார்க் வேலைக்கான பரீட்சையை எழுதிக்கொண்டே இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "பரீட்சை முடியட்டும்" என்றாள். அனுமந்தையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்து ஒரு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் வருவதே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி வகுப்புக்குப் போவாள். மற்ற நாட்களில் உப்புக் குவியல் மேல் போடும் கீற்றின் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படிப்பாள். உப்புக் காற்றுக்கு இரண்டு போன் வீணாகிவிட்டது. ஒருமுறை ஏழு மதிப்பெண்ணில் போனது, ஒருமுறை நாலில். ஒரு வருடம் பரீட்சையே வைக்கவில்லை.

எங்களோடு வேலை செய்யும் வேலம்மாள் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "கலெக்டரம்மா, இந்த உப்புத் தட்டைக் கொஞ்சம் தலைக்குத் தூக்கி விடுங்க" என்பாள். வினோதினி சிரித்துக்கொண்டே தூக்கி விடுவாள். நாளாக ஆக அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

போன வருடப் பரீட்சைதான் கடைசி. அந்த வேலைக்கு வயது வரம்பு உண்டு. அது மூன்று மாதம் தள்ளி நடந்திருந்தால் அதைக்கூட அவளால் எழுதியிருக்க முடியாது.

எழுதிவிட்டு வந்த சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அண்ணி, ஒரு கேள்வி நம்ம பாத்திக் கேள்வி மாதிரியே வந்துச்சு."

"பாத்தி பத்தியா கேக்கறாங்க?"

"இல்ல. சொகோத்ரான்னு ஒரு தீவு. அரபு நாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல கடல்ல இருக்குது. ஏமன் நாடு ஆளுது. அதை யாரு ஆளுறாங்கன்னு கேக்கல. நிலத்தோட அமைப்புப்படி அது எந்தக் கண்டத்தைச் சேர்ந்ததுன்னு கேட்டான்."

வகுப்பில் சார் அந்தத் தீவைப் பற்றிச் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னால் அது அரபு நிலத்தோடு ஒட்டியிருந்ததாம். நடுவில் தரை பிளந்து கடல் உள்ளே வந்தபோது தனியாகப் பிரிந்துபோயிற்றாம். இப்போது அது நிற்பது ஆப்பிரிக்கப் பக்கத்துத் தரையின் மேல். இரண்டும் அவளுக்குத் தெரியும். சார் கடைசியில் எதைச் சொன்னார் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நீ என்ன போட்ட?"

"ஆசியா."

"ஏன்?"

"மண்ணு அரபு மண்ணு தானே அண்ணி. தள்ளிப் போய் அடுத்தவன் பாத்தியில ஒக்காந்துட்டா அவன்துன்னு ஆயிடுமா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உப்பளத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து விடைகளை வெளியிட்டார்கள். வினோதினி போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அந்தக் கேள்விக்கு விடை ஆப்பிரிக்கா என்று இருந்தது. அவளுடைய மொத்தத்தைக் கூட்டினாள். இந்த முறை எத்தனை மதிப்பெண்ணுக்கு வேலை கிடைக்கும் என்று வகுப்பில் ஒரு கணிப்பு சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒன்று குறைந்தது. திரும்பவும் கூட்டினாள். மூன்றாவது முறை என்னைக் கூட்டச் சொன்னாள். நான் விரல் விட்டுக் கூட்டினேன். ஒன்றுதான் குறைந்தது.

விடை தப்பு என்று நினைப்பவர்கள் ஏழு நாளுக்குள் கம்ப்யூட்டர் வழியாக ஆட்சேபம் எழுதலாம். புத்தகத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். வினோதினி திண்டிவனத்துக்குப் போய், வகுப்பு சாரிடம் கேட்டு, கல்லூரியில் படிக்கும் ஒரு பெரிய புவியியல் புத்தகத்தின் பக்கத்தை நகல் எடுத்து வந்தாள். ஆறாவது நாள் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் ஷஃபியின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். வேல்முருகனுக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் பைக்கில் கொண்டுவந்து விட்டார்.

ஷஃபி கோட்டக்குப்பத்துப் பையன். தினம் பைக்கில் வந்து கடை திறப்பான். வினோதினியின் விண்ணப்பம் எல்லாம் அவன்தான் போடுவது. அவளுடைய பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சொகோத்ராவா? அக்கா, எங்க முனீர் அண்ணன் ஓமன்ல சலாலாவுல இருக்குது. அங்கேர்ந்து அந்தத் தீவு பக்கம்தான்னு சொல்லும். இருங்க, கேட்டுப் பாக்கறேன்."

குரல் செய்தி அனுப்பினான். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. சத்தமாக வைத்தான்.

"டேய் ஷஃபி, நம்ம கடைக்கு ஒரு சொகோத்ரா ஆளு சாமான் வாங்க வருவாப்ல. இப்பதான் கேட்டேன். ஆசியாவும் இல்ல ஆப்பிரிக்காவும் இல்ல, நான் சொகோத்ரா, அரிசி என்ன விலைன்னு கேக்கறாப்ல. இதுக்கு எதுக்குடா வேலை நேரத்துல மெசேஜ் போடற?"

வேல்முருகன்கூடச் சிரித்துவிட்டார். வினோதினியும் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

அப்புறம் ஷஃபி நகல் பக்கத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினான். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவன் படித்துத் தமிழில் சொன்னான். தீவு அரபு நிலத்திலிருந்து பிரிந்தது என்று நாலு வரி இருந்தது. வினோதினி மெதுவாகத் தலையாட்டினாள். ஷஃபி அடுத்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினான். தலையைச் சொறிந்தான்.

"என்ன பாய்?" என்றார் வேல்முருகன்.

"அடுத்த வரி நமக்கு எதிரா பேசுதுண்ணே. இப்ப அது ஆப்பிரிக்கத் தட்டோட, அந்தப் பக்கத்துத் தரையோட, சேர்ந்திருக்குதுன்னு போட்டிருக்கான்." வினோதினி பக்கம் திரும்பினான். "ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா. இந்த நாலு வரியை மட்டும் கட் பண்ணிப் போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. முழு புக்கை யாரு தேடிப் போய்ப் பாக்கப் போறாங்க?"

"அதான் சரி. போடு பாய்" என்றார் வேல்முருகன்.

வினோதினி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்குள் ஃபேன் ஓடியும் வேர்த்தது. வெளியே சென்னை பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"முழுப் பக்கம் போடு ஷஃபி."

"வினோ, உனக்குப் பைத்தியமா?" வேல்முருகன் குரல் உயர்ந்துவிட்டது. "பதினஞ்சு வருஷமா எழுதற. ஒரு மார்க்குல நிக்கற. இதுக்கப்புறம் உன்ன எவன் உள்ள விடுவான்? நீயே உன் வாயில மண்ணைப் போட்டுக்குவியா?"

"திட்டை அன்னிக்கு மேலாக்க மட்டும் வெட்டிக் காட்டியிருந்தா மோகன் அண்ணன் ஒத்துக்கிட்டு இருப்பாராண்ணா? அடி வரைக்கும் வெட்டினதாலதான் ஒத்துக்கிட்டாரு."

"அது மோகன். இது கவர்மெண்டு."

"மண்ணு நம்மளுதுன்னா முழுசா காட்டினாலும் நம்மளுதுதான்."

வேல்முருகன் என்னைப் பார்த்தார், நீ சொல்லேன் என்பது போல. எனக்கும் வெட்டிப் போடச் சொல்லத்தான் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. பொது இடத்தில் பேசுவது எனக்கு எப்போதும் வராது. அன்றைக்கு அதுதான் காரணமா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஷஃபி முழுப் பக்கத்தையும் ஏற்றினான். காரணம் எழுதும் இடத்தில் வினோதினியே தமிழில் டைப் செய்தாள். எங்கள் உப்பளத்து வழக்கத்தையே எழுதினாள். நிலம் எங்கிருந்து பிரிந்ததோ அதைச் சேர்ந்தது என்று கொள்வதே முறை, இப்போது எதன் மேல் இருக்கிறது என்பது பிறகு வந்தது என்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. வேல்முருகன் வெளியே போய் பைக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் காத்திருந்தோம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் நல்ல வெயில். உப்பு நன்றாக விளைந்தது. வேலைக்கு இடைவெளியே இல்லை. விடியற்காலையில் எழுந்திருக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். வினோதினி படிப்பதை நிறுத்திவிட்டாள். படிக்க வேண்டிய பரீட்சை இனி இல்லை. வேலை முடிந்து வந்து சாப்பிட்டதும் தூங்கிவிடுவாள். தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரிதான் இருப்பாள்.

"என்னாச்சு கலெக்டரம்மா, உன் தீவு?" என்று வேலம்மாள் அக்கா கேட்பாள்.

"இன்னும் முடிவு வரலக்கா."

"கடலுக்கு நடுவுல கெடக்கிற மண்ணுக்கு இவ்ளோ பஞ்சாயத்தா? நம்ம தெருவுல ரோடு போட ஒருத்தன் பேசல."

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது ஷஃபியிடமிருந்து போன் வந்தது. வினோதினி கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"அக்கா! கடைசி விடை வந்துடுச்சு! அந்தக் கேள்வியையே எடுத்துட்டாங்கக்கா! ஒரே விடைன்னு சொல்ல முடியாதாம். எல்லாருக்கும் அந்த மார்க்கைக் குடுத்துட்டாங்க!"

வினோதினி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குறைந்த அந்த ஒன்று வந்துவிட்டது. வேலம்மாள் அக்கா உப்பு வாரும் பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"கெடைச்சுடுச்சா? சொல்லேன்டி! இனிமே நெஜமாவே அம்மான்னு கூப்பிடணுமா?"

"இருங்கக்கா. லிஸ்ட் வரட்டும்" என்றாள் வினோதினி. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவள் நடை வேகமாக இருந்தது. கடையில் நின்று கேசரிக்கு ரவை வாங்கினாள். வேல்முருகன் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். "முழுப் பக்கம் போட்டதும் நல்லதாதான் போச்சு" என்றார். அவர் அப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம்.

இருபது நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அவள் எண் அதில் இல்லை.

ஷஃபி திரும்பத் திரும்பத் தேடினான். பிறகு எங்களுக்கு விளக்கிச் சொன்னான். அந்தக் கேள்விக்கு எழுதினவர்களில் பெரும்பாலானவர்கள் வினோதினியைப் போலவே வேறு விடைதான் போட்டிருக்கிறார்கள். கேள்வியை எடுத்ததும் அத்தனை பேருக்கும் ஒரு மதிப்பெண் ஏறிவிட்டது. வேலை கிடைப்பதற்கான எல்லையும் ஒன்று ஏறிவிட்டது. அவள் முன்பு எங்கே நின்றாளோ அங்கேயேதான் நிற்கிறாள், ஒன்று குறைவாக.

"விடையை ஆசியான்னு மாத்தியிருந்தா கெடைச்சிருக்குமா பாய்?" என்று கேட்டார் வேல்முருகன்.

ஷஃபி வினோதினியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "அப்படின்னா ஆப்பிரிக்கா போட்டவங்களுக்கு ஒண்ணு கொறைஞ்சிருக்கும். கெடைச்சிருக்கலாம். சொல்ல முடியாதுண்ணே."

"அந்த நாலு வரிய மட்டும் போட்டிருந்தா மாத்தியிருப்பாங்க."

"மாத்தியிருக்கலாம். மாத்தாமலும் போயிருக்கலாம்."

வேல்முருகன் தங்கையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நானும் அவளும் நடந்தே வீட்டுக்குப் போனோம். உப்புக் குவியல்களைத் தாண்டும்போது நான் கேட்டுவிட்டேன். அவ்வளவு வருடத்தில் நானாக அவளிடம் கேட்ட கேள்விகள் மிகக் கொஞ்சம்.

"வருத்தமா இருக்குதா வினோ, முழுப் பக்கம் போட்டது?"

அவள் குனிந்து செருப்பை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"அந்த அடுத்த வரி தப்பு இல்ல அண்ணி. அது இப்ப அந்தப் பக்கத்துத் தரையிலதான் இருக்குது. நம்ம வழக்கப்படி பாத்தா அரபு மண்ணு. அவங்க வழக்கம் வேற. அந்த ஹால்ல நான் அவங்க வழக்கத்தைத்தான் எழுதியிருக்கணும். நான் நம்மளுதை எழுதிட்டேன்." பிறகு, "கால் வலிக்குது. கொஞ்சம் மெதுவா போலாம்" என்றாள்.

இப்போது வினோதினிக்கு முப்பத்தொன்பது வயது முடிந்து நாற்பது நடக்கிறது. அந்தப் பரீட்சையை அவளால் இனி எழுத முடியாது. புத்தகங்களை வேலம்மாள் அக்காவின் மகள் பிரியதர்ஷினி கேட்டாள், கொடுத்துவிட்டாள். மழை மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போனோம். இந்த வருடம் மழை தாமதமாக நின்றதால் பாத்தி வேலை மாசியில்தான் தொடங்கியது. நானும் அவளும் ஒரே வரிசையில் வாருகிறோம். அந்தத் தீவு எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்று பரீட்சை வைத்தவர்கள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.